நாலு டொய்ங்

ராமநாதபுரத்தில் பியானோ பரீட்சை. பாம்பன் லீமாரோஸ் பியானோ டீச்சரான பிறகு பரீட்சைக்குக் கூட்டிவந்த முதல் மாணவி, ஒன்பது வயது ஆஸ்லின். அவள் ஃபெயிலானால் லீமாரோஸ் இறால் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும். லீமாரோஸின் அப்பா போட்ட கண்டிஷன்.

தேர்வாளர் நாகநாதன் அறைக் கதவைத் திறந்து, வெளியே காத்திருந்த லீமாரோஸை உள்ளே கூப்பிட்டார்.

“மிஸ், உங்க பிள்ளை நல்லாத்தான் வாசிக்குது. ஆனா நடுநடுவுல நாலு தடவை ‘டொய்ங்’னு கத்துது. எதுவும் வியாதியா?”

“வேற எப்பிடி சார் வாசிக்கிறது?”

“எங்க, நீங்க வாசிங்க.”

லீமாரோஸ் பிசிறில்லாமல் வாசித்தாள். அதே நாலு இடத்தில் அவளும் ‘டொய்ங்’ என்றாள்.

நாகநாதன் தலையில் கைவைத்தார். “யார்ட்ட படிச்சீங்க?”

“நானாத்தான் சார். எங்க வீட்டு கீபோர்டுல, ஏழு வருசம்.”

ஆஸ்லினுக்குப் பொறுமை போய்விட்டது.

“சார், அந்த கீபோர்டுல உப்புக்காத்து பட்டு ஒரு கட்டை செத்துப்போச்சு. அந்தச் சத்தத்த நாங்கதான் வாயால குடுக்கணும். உங்க பியானோதான் ரிப்பேரு. நான் குடுக்கிறதுக்கு முன்னாடி அதுவே முந்திக்கிட்டுக் குடுத்துருது!”

நாகநாதன் யோசித்துவிட்டு பாஸ் போட்டார். நாலு டொய்ங்கில் ஒன்றுகூட சுருதி விலகவில்லை.