தண்ணீர்ப் படம்

"தண்ணிப் படத்தை இவ வீட்டுல ஒரு தடவைகூடப் பார்க்கலைன்னு மெஷினே காட்டுது. பழக்கவே இல்லையா நீங்க?"

சிறப்பாசிரியை சுகன்யாவின் குரலில் கடுமை ஏறியிருந்தது.

மோகனப்பிரியா தலைகுனிந்து நின்றாள். பக்கத்து வீட்டுத் தறிகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் மகள் அபிநயாவுக்குப் பத்து வயது. கையும் காலும் நாவும் அவள் சொற்படி நடப்பதில்லை. கண்கள் மட்டுமே நடக்கும். எதிரே நிறுத்திய திரையில் ஒரு படத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், கருவி அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். அபிநயா போய்வரும் பயிற்சி மையம் இரவலாகத் தந்த கருவி அது. வீட்டில் பழக வேண்டிய படங்களையும் பாடங்களையும் ஏற்றிக் கொடுத்தவள் சுகன்யா.

"தண்ணி குடிக்காமத்தான் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தீங்க. சென்டருக்கு வந்தா இவளே தண்ணிப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கேட்டு வாங்கிக் குடிக்கிறா. இங்க மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கிறா?"

"தெரியலீங்க டீச்சர். நானா குடுத்தாலும் பல்லைக் கடிச்சுக்கறா. புடிவாதமுங்க."

"பிடிவாதமா? இவளை நாற்காலி, மேசை மாதிரி நினைக்காதீங்க. இவகிட்ட உக்காந்து பேசுங்க. இவளுக்கு எல்லாம் புரியும், எல்லாமே புரியும். எத்தனை தடவை சொல்றது?"

"பேசறனுங்க... நூல் சுத்தற வேலைக்கு நடுவால..."

"பழக்காத வீட்டுல மெஷினை வெச்சு என்ன பிரயோசனம்? ஓமலூர்ல ஒரு பையன் இதுக்குக் காத்துக்கிட்டிருக்கான். நான் எடுத்துக் குடுத்துருவேன்."

மோகனப்பிரியாவின் முகம் வெளிறியது.

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். எம்புள்ளை அம்மான்னு கூப்பிட்டதே இதுலதானுங்க."

தண்ணீர் எடுத்து வரத் திரும்பியவள், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

"இடுப்புக்குப் பெல்ட் போடலையா? போன மாசமே சொன்னேனே. உங்க வீட்டுக்காரர் போர்வெல் போடுற ரிக் வண்டியோட ஒடிசாவுல கிடக்கிறார். நீங்க ஒண்டியா இவளைத் தூக்கித் தூக்கித்தான் இந்தக் கதி. இன்னும் இப்படியே தூக்கினா நீங்களும் படுத்துருவீங்க. அப்புறம் இவளை யார் பாக்கிறது?"

"வீட்டுக்குப் பின்னால பொடக்காளில இருக்கற கக்கூசுக்கு, ஒண்ணுக்கு வரும்போதெல்லாம் நாந்தானுங்களே தூக்கிட்டுப் போவோணும்? சென்டர்ல ஆயாம்மாங்க ரெண்டு பேரு இருக்கறாங்க. இங்க ஆரு இருக்கறா?"

பேசாத பிள்ளையின் முன்னால் பேசுகிறவர்களுக்கு, கதவைச் சாத்தத் தோன்றுவதே இல்லை.

மோகனப்பிரியா மொண்டு வந்த தண்ணீர்த் தம்ளரைச் சுகன்யா வாங்கி அபிநயாவின் முன் நீட்டினாள். "பழக்குறது எப்படின்னு இப்பப் பாருங்க. அபி, தாகமா இருக்கா?"

சிறுமியின் கண்கள் திரையில் ஊர்ந்தன.

"ஆமாம்," என்றது கருவி.

"பாத்தீங்களா! சரி கண்ணு, தண்ணி வேணுமா?"

"வேண்டாம்."

சுகன்யாவின் புன்னகை நின்றது. இத்தனை நாளும் யாரும் கேட்காத கேள்வி அப்போதுதான் அவள் வாயில் வந்தது.

"ஏன் அபி?"

கண்கள் நெடுநேரம் அலைந்தன. வீட்டார் படங்கள் உள்ள பக்கத்துக்குப் போயின.

"அம்மா."

செயல்களின் பக்கம் திறந்தது.

"தூக்கு."

பிறகு, உடல் உறுப்புகளைக் கற்பிக்கச் சுகன்யாவே சென்ற மாதம் சேர்த்திருந்த பக்கம்.

"இடுப்பு... வலி."

சிறுமியின் கண்கள் இன்னும் எதையோ தேடின. உறங்கும் பெண்ணின் படத்தில் போய் நின்றன.

"அம்மா... படு."

கடைசியாக, வீட்டில் அதுவரை ஒருமுறைகூடத் தொடாத அந்தப் படத்துக்கு வந்தன.

"தண்ணீர்... வேண்டாம்."

அந்தப் பிள்ளையின் உதடுகள் வெடித்திருந்ததைச் சுகன்யா அப்போதுதான் கண்டாள். சென்ற மாதமும் இதே இடத்தில், இதே பிள்ளையின் முன்னால்தான், தூக்கக் கூடாதென்று தாயை எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள். நீட்டிய தம்ளரை மெல்லக் கீழே இறக்கினாள்.

மோகனப்பிரியா மண்டியிட்டு, மகளின் கன்னத்தைத் தன் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். கண்ணீர் வழிய நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரலில் குத்தல் ஏதும் இல்லை.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க டீச்சர். எம்புள்ளைக்கு எல்லாமே புரியுதுங்க."