முதலீட்டாளர் தொடர்புக்கு

மறுபடியும் போன் அடிக்கிறது.

குக்கரை இறக்கிவைத்துவிட்டு எடுத்தாள்.

"நாச்சிமுத்து சாருங்களா? இந்த வருஷ டிவிடெண்ட் எப்பங்க அறிவிப்பாங்க?"

"அவர் இல்லைங்க."

"அப்படீங்களா. எப்ப வருவாருங்க?"

என்னத்தைச் சொல்ல!

கணவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கம்பெனியின் வெப்சைட்டுக்கு மட்டும் அவர் சாகவில்லை. பங்கு வாங்கியவர்கள் கூப்பிட வேண்டிய இடத்தில் இன்னும் அவர் பெயர், அவர் செல் நம்பர். அதே பக்கத்தின் அடியில், கடைசியாகப் புதுப்பித்தது என்று தினமும் அன்றைய தேதி தானாக மாறிக்கொள்கிறது.

வெட்கங்கெட்ட தேதி.

நம்பரைத் தூக்கிப் போடவும் வழியில்லை. கேஸ் சிலிண்டர், பேங்க், பென்ஷன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

செத்துட்டார் என்று சொல்ல நாக்கு வருவதில்லை. இல்லைங்க என்றால், வெளியே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். "காலாண்டு முடிவு போடறப்பதான் மேடம் சைட்டைத் தொடுவோம். அப்பச் சேத்து மாத்திடறோம்."

காலாண்டுகள் வந்தன, போயின. லாபக் கணக்கு மாறியது. அவர் அப்படியே இருந்தார்.

இன்று நேரிலேயே போய் நின்றாள்.

"செத்த மனுஷனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் உசுரை வாங்கறாங்க. உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லீங்களா?"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மாற்றியும் விட்டார்கள்.

ராத்திரிச் சமையலுக்கு முன்னால் திறந்து பார்த்தாள். அதே பெயர். அதே நம்பர். அந்த இடத்துக்குப் புதிதாக வந்தவரின் பதவியைப் போட்டவர்கள், பெயரைப் போட மறந்திருந்தார்கள்.

நாச்சிமுத்து, ஜெனரல் மேனேஜர்.

அசிஸ்டென்ட் மேனேஜராகவே தேய்ந்த மனுஷன். ஒவ்வொரு ஏப்ரலிலும் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போவார். திரும்பி வந்ததும், அடுத்த வருஷம் பார்க்கலாமாம் என்பார்.

பாவிகளா.

போன் அடித்தது. இந்தத் தடவை பட்டென்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தாள்.

"ஜெனரல் மேனேஜர் நாச்சிமுத்து சாருங்களா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஹலோ... சார் இருக்காருங்களா?"

"யாரு வேணும்னீங்க?" என்றாள். "இன்னொருக்காச் சொல்லுங்க."