கம்பத்துக்கு ஒரு படம்

வளைகுடா நகரமொன்றின் ரோலா பகுதியில், பதினேழாவது விளக்குக் கம்பத்தின் கீழே, ஆளை மேலே தூக்கும் லிஃப்ட் வண்டி நின்றது. தேசிய தினத்துக்கு இன்னும் நான்கு நாள்.

ஓட்டுநர் மாயாண்டி, கம்பெனி தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்த உறையை அருள்முருகனிடம் நீட்டினார். கனடா தபால்தலை.

உள்ளே ஒரு கடிதம், ஒரு புகைப்படம். ஏதோ நகரத்தின் கடைவீதி. இருபுறமும் கம்பங்களில் ஆறு வண்ணப் பட்டைகள் போட்ட பேனர்கள்.

மாயாண்டி எட்டிப் பார்த்தார். “என்னப்பா இது, எல்லாக் கட்சியும் கூட்டணி வச்ச மாதிரி? சதீஷு அங்க போயும் கம்பத்துலதான் ஏறுறானா?”

அருள்முருகன் சிரிக்க முயன்றான்.

முன்பு இதே வண்டியில் இவனோடு வேலை பார்த்த சதீஷ்குமார் எழுதியிருந்தான். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் மறைக்காமல் ஊர்வலம் போகும் வாரத்துக்கான பேனர்கள். நகரசபை பணம் தரலாமா என்று இரண்டு மாதம் சண்டை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. முதல் பேனரை நான் கட்டினேன்.

கடைசிப் பத்தி: உன்னை இங்கே அழைக்க மனுப் போடுகிறேன். நாம் சேர்ந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். இருவரும் இருக்கிற படம் ஒன்றாவது அனுப்பு.

ஒன்றுகூட இல்லை.

எட்டுப் பேர் அறையில் மூன்று வருடம். யாராவது கேமராவை எடுத்தால் இவன் ஒரு மூலைக்குப் போவான், அவன் வேறு மூலைக்கு. தெரிந்தால் சிறை. பிறகு நாடுகடத்தும் விமானம்.

தனியாக இருந்தது இந்த லிஃப்ட் கூண்டில் மட்டும்தான். பட்டப்பகலில், இருபதடி உயரத்தில், ஊரே கீழே நடந்துகொண்டிருக்கையில். யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

“என்ன கேக்குறான்?”

“போட்டோண்ணே. நாங்க சேந்து நின்னது.” சற்றுப் பொறுத்து, “சும்மா, ஞாபகத்துக்கு” என்றான்.

அருள்முருகன் கூண்டில் ஏறினான். கூண்டு மேலே போனது.

தேசிய தினப் பேனரின் மடிப்புக்குள் குழாயைச் செருகி, கீழ்க்கயிற்றை இறுக்கினான். படம் இல்லை என்று எழுதிவிட வேண்டும். அதோடு முடிந்தது.

கீழே மாயாண்டி வழக்கம்போலக் கேமராவைத் தூக்கினார். வேலை முடிந்ததற்கு அடையாளமாக, கம்பத்துக்கு ஒரு படம் முனிசிபாலிட்டிக்குப் போக வேண்டும். ஐந்து வருடமாக எடுப்பவர் அவர்தான்.

அவன் இறங்கி வந்தபோது, டாஷ்போர்டுப் பெட்டி திறந்திருந்தது; இருக்கையின் மேல் பழைய செய்தித்தாளில் சுற்றிய சிடி ஒன்று இருந்தது.

மாயாண்டி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடி வண்டியைக் கிளப்பினார்.

“நீயும் சதீஷும் மேல இருக்கையில எடுத்து, ஆபீசுக்குக் குடுக்க முடியாத படமெல்லாம் இதுல இருக்கு. அந்தக் கம்பத்துக்கெல்லாம் நான் ரெண்டாவது தடவ எடுக்க வேண்டியதாப் போச்சு.”