தள்ளி வைத்த குதிரை

“மூணு தடவை முதல் பரிசு வாங்கின குதிரையை இந்த வருஷம் இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாதா?” குதிரை வளர்ப்போர் சங்கத்தின் புதுச் செயலாளர் கொதித்தார்.

“விடக்கூடாது சார்,” என்றார் கால்நடை மருத்துவர். “இந்த இனத்துல மிச்சம் இருக்கிறதே நாற்பது பெண் குதிரைங்க. பாதிக்கு மேல அதோட மகளும் பேத்தியும்தான். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத்தான் போன வருஷம் ஆறு குட்டிங்க செத்துச்சு. அதுக்குப் பதிலா சங்கத்து லாயத்துல நிக்கிற நொண்டி ஆண் குதிரையை விடுங்க. கால் விபத்துல போனது, ஆனா ரத்தம் வேற.”

செயலாளர் விடவில்லை. “சொல்றது சுலபம் டாக்டரம்மா. பரிசுக் குதிரையை உயிரா வளர்த்தவங்க வயிறு எரியுமே! அவங்க முகத்தைப் பார்த்து இதைச் சொல்லுவீங்களா?”

“காலையிலேயே கண்ணாடியில பார்த்துச் சொல்லிட்டேன் சார்.” பரிசுக் குதிரையைத் தள்ளி வைக்க உரிமையாளர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை மருத்துவர் நீட்டினார். “அது என் குதிரை.”