டக் என்றால் அமுக்கு

தாடையை வைக்கச் சொன்ன பிளாஸ்டிக் தாங்கியைப் பார்த்ததுமே ஹாரனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சற்று முன் எழுந்து போன ஆளின் வியர்வை அதில் இன்னும் மினுமினுத்தது.

"ஊர்ப்பட்ட தாடையெல்லாம் வச்ச இடத்துல என் தாடையுமா?"

டெஸ்ட் எடுக்கும் பெண் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். "இப்ப வைங்கண்ணே. இடது கண்ணை மூடிட்டேன். மெஷினுக்குள்ள நேரா நடுவுலயே பாருங்க. ஓரத்துல எங்கே வெளிச்சம் தெரிஞ்சாலும் இந்தப் பொத்தானை அமுக்கணும்."

பொத்தானும் பிசுபிசுத்தது. செத்த எலியைத் தூக்குவதுபோல் அதை வாங்கிக்கொண்டார்.

ஹாரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அப்பா, தாத்தா, பூட்டன் பெயர்களையெல்லாம் கோத்து வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை யார் கூப்பிடுகிறார்கள்? ஓயாமல் அடிக்கிற ஹாரனே பெயராகிவிட்டது. அடிக்காமல் என்ன செய்வார்? பைக்கில் வருகிற கருமம் பிடித்தவன் ஒவ்வொருத்தனும் மண்ணிலிருந்து முளைத்த மாதிரி பக்கத்தில் வந்து நிற்கிறானே!

"அவங்க முளைக்கலைங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்று மனைவிதான் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். சுவரிலிருந்த எழுத்தையெல்லாம் கடைசி வரி வரை படித்துக் காட்டியும் டாக்டர் மசியவில்லை.

"கண்ணுல அழுத்தம் கூடியிருக்கு. கிளாக்கோமாவான்னு பார்க்கணும். அது ஓரத்துப் பார்வையைத்தான் முதல்ல தின்னும். பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. போனது திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் நீங்க வண்டியைத் தொடணும்."

தின்னுமாம்! கேட்கவே அருவருப்பாக இருந்தது. கண் என்ன, கரையான் அரிக்கிற கதவா?

சாவி போனால் பிழைப்பும் போச்சு. நல்லவேளை, லாரி ஓட்டும் சிநேகிதன் முன்கூட்டியே காதில் ஓதியிருந்தான். "வெளிச்சம் வர்றப்பல்லாம் மெஷின் 'டக்'குன்னு ஒரு சத்தம் போடும்டா. அதைக் கேட்டு அமுக்கிட்டு வா."

பெண் அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

டக். அமுக்கினார்.

டக், டக். அமுக்கு, அமுக்கு. ஒரு வெளிச்சத்தையும் காணோமே என்று கண்ணை இன்னும் அகல விரித்தார். வேனில் முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் வாண்டுகளின் முகங்கள் வேறு வந்து நின்றன. இந்த வயதில் காப்பி அடிக்கிறோமே, தூ என்று தன் மேலேயே கசந்தது. கசந்தால் என்ன, டக் வந்தால் அமுக்குதான்.

சத்தம் நின்றது. முகத்தை வெளியே எடுத்து, கைக்குட்டையால் தாடையைத் தேய் தேய் என்று தேய்த்தார்.

"ஒண்ணு விடலம்மா! ஓரம், மூலை, எல்லா வெளிச்சமும் பளிச்சுனு தெரிஞ்சுது. சீக்கிரம் எழுதிக் குடு, பிள்ளைங்களை ஏத்தப் போகணும்."

பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அண்ணே, நான் இப்பதான் உங்க பேரையே டைப் பண்ணி முடிச்சிருக்கேன்."