கல்லறையில் ஓர் இடம்

"ஒரு வருஷமா ஆராதனைக்கே வரலை. சபைச் சட்டப்படி உறுப்பினர் பட்டியல்ல இருந்து பேரை அடிச்சிடலாம்," என்றார் சபைச் செயலாளர்.

மேசைக்கு எதிரே நின்ற தையல்காரம்மா பதறினாள். "ஐயா, பேரை எடுத்துட்டா நம்ம கல்லறைத் தோட்டத்துல எனக்கு இடம் கிடையாதே! என் வீட்டுக்காரர் பக்கத்துலயே எனக்குன்னு விட்டு வெச்சிருக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை எங்கதான் போறீங்க?"

"முதியோர் இல்லத்துல ஒரு அம்மாவைக் குளிப்பாட்டப் போறேங்க. அன்னைக்கு அங்க ஆயாவுக்கு லீவு. படுத்த படுக்கை, முதுகெல்லாம் புண்ணு."

"யாரு அது? பெத்த பிள்ளைங்க இல்லையா?"

அவள் அவரைப் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த சபையாரையும் பார்த்தாள்.

"இருக்காங்க ஐயா," என்று மட்டும் சொன்னாள்.

"என்ன பிள்ளைங்களோ!" என்று உச்சுக்கொட்டினார் பொருளாளர். "நம்ம செயலாளரோட அம்மாவைப் பாருங்க. வெளிநாட்டுல, மக வீட்டுல ராணி மாதிரி இருக்காங்க."

"எல்லாம் கர்த்தருடைய கிருபை," என்ற செயலாளர், ஸ்கேல் வைத்து அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தார்.

மறுநாள் ஞாயிறு. தையல்காரம்மா புண்ணைத் துடைத்து மருந்து போடும்போது, படுக்கையில் இருந்த அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"என் மகனைப் பார்த்தியா?"

"நேத்து பார்த்தேன்மா."

"இன்னும் அவன்தான் சபைக்குச் செயலாளரா?"

"அவரேதான்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

தையல்காரம்மா ஈரத்துண்டைப் பிழிந்து உதறினாள்.

"உங்களைப் பத்தித்தான்மா கேட்டார்."