அப்பன் தெரியாத மணிகள்

மக்காச்சோளத்தின் எண்ணெய் மணிக்குள் இருக்கும் கருவில்தான் இருக்கிறது. கரு பெருத்தால் மணி இளைத்து, விளைச்சல் படுத்துவிடும். இரண்டும் தேறும் விதைக்காகச் செங்கோடனும் அவன் மனைவி மரகதமும் ஆராய்ச்சித் தோட்டத்தில் கதிர்களைக் காகிதப் பையால் மூடி, தாங்கள் தேர்ந்த மகரந்தத்தை மட்டும் தூவிவந்தார்கள். அறுவடையில், வெள்ளைக்கு வெள்ளை சேர்த்த ஒரு கதிரில் சில மஞ்சள் மணிகள் தெரிந்தன. மரகதம் ஒன்றை நகத்தால் பிளந்தாள். கரு பெரிதாக இருந்தது, மணியும் கொழுகொழுவென்றிருந்தது.

"ஏனுங்க, வேத்து மகரந்தம் எப்படி விழுந்துச்சு? பையத் தொறந்தது நாந்தானே?"

செங்கோடனுக்குக் காது சிவந்தது. "தொறந்து வச்சிருந்தப்ப நான் பின்னால வந்து கட்டிப் புடிச்சேனில்ல..."

அன்று அவன் போட்டிருந்த நீலச் சட்டையில் எந்தெந்த வரிசையின் மகரந்தம் அப்பியிருந்ததோ, யாருக்குத் தெரியும்?

மரகதம் திட்டவில்லை. அடுத்த பருவத்தில் கதிர்கள் மகரந்தம் ஏற்கும் பட்டிழை விட்ட காலையில், அதே நீலச் சட்டையை அவனிடம் நீட்டினாள்.

"இதப் போட்டுட்டு எல்லா வரிசைலயும் ஒருக்கா நடந்துட்டு வாங்க."

மஞ்சள் தூள் படிந்து அவன் திரும்பியபோது, அவள் பையைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.